பதினாறாவது வரிசையில் கேட்ட சொல்

அத்தியாயம் 6

கனகராஜ் கொலை செய்யவில்லை என்று சொல்ல அவர் மனைவி சீதாவைத் தவிர வேறு யாரும் இல்லை. கனகராஜே சொல்லவில்லை.

பதினொரு நாளைக்கு முன்பு, மந்தைவெளியில் இன்னும் திறக்கப்படாத ஒரு நாடக அரங்கில், ஃபிரெட்ரிக் என்ற அறுபத்து மூன்று வயதுக்காரர் கூரையடி நடைபாலத்திலிருந்து மேடையில் விழுந்து இறந்துபோனார். மைக் இல்லாமல் நடிகர் பேசுவது கடைசி நாற்காலி வரை கேட்க வேண்டும் என்பதற்காகவே கட்டிய அரங்கு அது. சுவர் எவ்வளவு சாய வேண்டும், மேடைக்கு மேலே பலகைகள் எந்தக் கோணத்தில் தொங்க வேண்டும் என்றெல்லாம் கணக்குப் போட்டவர் ஃபிரெட்ரிக். அதை மரத்தில் செய்து கொடுத்தவர் கனகராஜ். கோடம்பாக்கத்தில் சினிமா செட் போட்டுக்கொண்டிருந்த தச்சரை ஃபிரெட்ரிக் தன்னோடு சேர்த்துக்கொண்டு பத்தொன்பது வருடமாகியிருந்தது.

அன்று காலை அரங்குக்குள் மூன்றே பேர். மூன்றாவது ஆள் அஸ்மத்துன்னிசா, துப்புரவு வேலைக்கு வருகிற பெண். கடைசியான பதினாறாவது வரிசையில் நாற்காலி துடைத்துக்கொண்டிருந்தபோது, "கொல்லாதே கனகராஜ்" என்று ஃபிரெட்ரிக் கெஞ்சியதைக் கேட்டதாக வாக்குமூலம் கொடுத்திருந்தாள். பயந்துபோய்க் காவலாளியைக் கூப்பிட வெளியே ஓடியிருக்கிறாள். அவனைக் கண்டுபிடித்து அழைத்து வந்தபோது, ஃபிரெட்ரிக்கின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கனகராஜ் மேடையில் உட்கார்ந்திருந்தார். போலீஸ் எத்தனை விதமாகக் கேட்டும் அவர் வாயிலிருந்து வந்தது ஒரே வாக்கியம்: "என்னாலதான் செத்தாரு."

இதற்கு மேல் போலீசுக்கு என்ன வேண்டும்?

தி.நகரில் பாத்திரக் கடை ஒன்றின் மாடியில் துப்பறியும் நிலையம் நடத்தும் சந்திரிகாவிடம் சீதா வந்தது இந்த நிலையில்தான். சந்திரிகா இருபத்திரண்டு வருடம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எழுதியவள். பொய்ச் சாட்சி சொல்கிறவர்களை அவளுக்குப் பென்சில் நகரும் வேகத்திலேயே தெரிந்துவிடும். அஸ்மத்துன்னிசாவை இரண்டு முறை பார்த்துப் பேசிவிட்டாள். அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் கவலையாக இருந்தது.

மிச்சமிருந்தது ஒரே நூலிழை, ஃபிரெட்ரிக்கின் மகள் லிண்டா.

அவள் திருவான்மியூரில் தனியாகக் குடியிருந்தாள். அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். கதவைத் திறந்தவள் உட்காரச் சொல்லவில்லை. சந்திரிகா கனகராஜுக்காக வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் முகம் இறுகியது. அந்த ஆள் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்தவன் என்று மட்டும் சொன்னாள். சந்திரிகா எதையும் மறுக்காமல், அரங்கு சம்பந்தமாக அப்பா எழுதிவைத்தது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். லிண்டா உள்ளே போய் ஒரு நீல ஃபைலை எடுத்து வந்து நீட்டினாள். சாந்தோம் வீட்டில் அப்பாவின் மேசையில் இருந்தது, தான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை என்றாள்.

கதவைச் சாத்தப் போனவள் நின்றாள்.

"எட்டு மாசமா அவரு எங்கிட்ட பேசல. நான் தனியா வந்துட்டேன்னு கோவம். போன் பண்ணா எடுக்க மாட்டாரு. சாப்டியான்னு மெசேஜ் மட்டும் வரும். சமாதானம் ஆகறதுக்குள்ள அந்தாளு கொன்னுட்டான்."

கீழே ஆட்டோவில் வேலு காத்திருந்தான். ஆட்டோவும் அவனுடையது, வாயும் அவனுடையது, இரண்டுக்கும் பிரேக் பிடிக்காது என்று சந்திரிகா சொல்வதுண்டு. நாற்பத்தைந்து வயது. ஆறு வருடமாக அவளுக்கு உதவியாளன். அடையாறு சிக்னலில் வண்டி நின்றபோது பின்னால் திரும்பி ஃபைலை எட்டிப் பார்த்தான்.

உள்ளே அறுபது எழுபது தாள்கள். ஒவ்வொன்றிலும் தேதி, வரிசை எண், மேடையிலிருந்து படித்தவர் பெயர், உட்கார்ந்து கேட்டு எழுதியவர் பெயர். அதன் கீழே இருபது சொற்கள். அரங்கில் பேச்சு தெளிவாகக் கேட்கிறதா என்று பார்க்க ஃபிரெட்ரிக் வைத்திருந்த பரீட்சை அது. மேடையிலிருந்து ஒருவர் சொற்களைப் படிக்க வேண்டும், இன்னொருவர் காதில் விழுந்ததை எழுத வேண்டும். பிறகு பட்டியலோடு ஒப்பிட்டுச் சிவப்பு மையில் திருத்த வேண்டும்.

ஃபிரெட்ரிக் கேட்டு எழுதிய தாள்களில் சிவப்பு மை அதிகமாக இருந்தது. சாலை என்று படித்ததைக் காலை என்று எழுதியிருந்தார். சரி, கரி ஆகியிருந்தது. சூடு, கூடு ஆகியிருந்தது.

"சட்டைய கட்டைன்னு எழுதிக்கிறாரு பாருக்கா. கல்யாணப் பத்திரிகை அடிக்க இவராண்ட குடுத்திருந்தா ஊரே நாறிருக்கும்" என்றான் வேலு.

சந்திரிகா சிரிக்கவில்லை. அரங்கில் பழுது இருக்கிறது என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அப்படியானால் அஸ்மத்துன்னிசாவும் தப்பாகக் கேட்டிருக்கலாம். ஆனால் அதே பழுதை அரசுத் தரப்பு வேறு மாதிரி சொல்லும். பலகை வேலையில் கனகராஜ் கோட்டை விட்டார், ஃபிரெட்ரிக் கண்டுபிடித்தார், சண்டை வந்தது, தள்ளிவிட்டார். அந்தத் தாள்கள் கனகராஜை வெளியேயும் கொண்டுவரும், ஆயுளுக்கும் உள்ளேயும் வைக்கும்.

அரங்கத்தின் செயலாளரிடம் அனுமதி வாங்கி, அஸ்மத்துன்னிசாவையும் வரச் சொல்லியிருந்தாள். லஸ் பக்கம் மெட்ரோவுக்காகத் தோண்டிக்கொண்டிருந்ததில் தெரு முழுக்க இரைச்சல். அரங்குக்கு அடுத்தடுத்து இரண்டு கதவுகள். முதல் கதவு மூடியதும் இரைச்சல் பாதியாயிற்று. இரண்டாவது மூடியதும் வேலுவின் மூச்சு கேட்டது.

சந்திரிகா பதினாறாவது வரிசையில் போய் உட்கார்ந்தாள். வேலு மேடையில் நின்று, அவள் பார்க்காத ஒரு பட்டியலைப் படித்தான். கத்தக் கூடாது, பக்கத்து வண்டிக்காரனோடு பேசுகிற மாதிரி பேச வேண்டும் என்று சொல்லியிருந்தாள். இருபது சொல்லையும் எழுதினாள். வேலு பட்டியலைத் திருப்பி வைத்துவிட்டு, மேடையின் ஓரத்தில் தனக்குத்தானே முனகினான்.

"காலைல இருந்து அக்கா மூஞ்சி உர்ருன்னு கீது. டீ கூட வாங்கித் தரல."

"முடிஞ்சதும் வாங்கித் தரேன்" என்றாள் சந்திரிகா பதினாறாவது வரிசையிலிருந்து.

வேலு அண்ணாந்து பலகைகளைப் பார்த்தான். பிறகு இறங்கி வந்து தாளை ஒப்பிட்டான். இருபதுக்கு இருபது. அரங்கில் ஒரு குறையும் இல்லை. மேடைக்கு மேலே கனகராஜ் தொங்கவிட்டிருந்த பலகைகள், ஒவ்வொரு எழுத்தையும் ஏந்திக் கொண்டுவந்து அவள் காதருகே வைத்துவிட்டுப் போயின.

அப்படியானால் அஸ்மத்துன்னிசா கேட்டதும் சரி. சந்திரிகா நோட்டை மூடினாள். சீதாவிடம் போய் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த அஸ்மத்துன்னிசா மெல்லிய குரலில் பேசினாள். பதினோரு நாளாகத் தூக்கம் இல்லை என்றாள். கனகராஜ் மிச்சப் பலகையில் அவள் மகளுக்குப் படிப்பதற்கு மேசை செய்து கொடுத்தவர். கேட்டதைக் கேட்டேன் என்றுதானே சொல்ல முடியும், இல்லை என்று எப்படிச் சொல்வது என்று கேட்டாள்.

சந்திரிகா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தக் குரல் மேடையில் எந்தப் பக்கம் வந்தது என்று விசாரித்தாள். சும்மா ஆறுதலுக்காகக் கேட்ட கேள்விதான்.

"மேடையில இல்லம்மா. மேல." அஸ்மத்துன்னிசா விரலை உயர்த்திக் காட்டினாள். "அந்தப் பலகைக்கெல்லாம் மேல இருந்து வந்துச்சு. ஆள் தெரியல."

சந்திரிகா எழுந்து நின்றாள்.

அடுத்த பரீட்சைக்கு வேலு ஏணி ஏற வேண்டியிருந்தது. விழுந்து வைத்தால் ஆட்டோவை யார் பெயருக்கு எழுதுவது என்று கேட்டுக்கொண்டேதான் ஏறினான். பலகைகளுக்கு மேலே, இரும்பு நடைபாலத்தின் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றான். கீழே இருந்து பார்த்தால் ஆள் தெரியவில்லை. அவன் சட்டைப் பையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. கொல்லாதே, சொல்லாதே என்ற இரண்டில் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், மொத்தம் ஐந்து முறை சொல்ல வேண்டும், சொல்லச் சொல்ல அதைச் சீட்டில் குறித்துக்கொள்ள வேண்டும் என்பது சந்திரிகாவின் ஏற்பாடு.

ஐந்து முறை குரல் வந்தது. சந்திரிகா எழுதினாள். அஸ்மத்துன்னிசாவும் தன் தாளில் எழுதினாள். இரண்டு பேர் தாளிலும் ஐந்து கொல்லாதே.

வேலு இறங்கி வந்து சீட்டைக் கொடுத்தான். அதில் ஐந்து சொல்லாதே இருந்தது.

"கொல்லாதேன்னு சொல்ல வாய் வரலக்கா. அந்த மனுசன் வுழுந்த எடத்துக்கு மேலயே நின்னுக்கினு எப்படிச் சொல்றது" என்றான்.

சந்திரிகாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மேடையில் பேசுகிறவனுக்கு அந்தப் பலகைகள் துணை. மேலே நின்று பேசுகிறவனுக்கு அவையே தடை. கனமான ஒலிகள் பலகையைச் சுற்றி வளைந்து வந்துவிடும். சகரத்தின் மெல்லிய சீறல் வளையாது, அங்கேயே நின்றுவிடும். காது தவறவிட்ட எழுத்தை மனசு தனக்குத் தெரிந்ததை வைத்து நிரப்பிக்கொள்ளும். உயரத்தில் ஒருவர் கெஞ்சுகிற குரல் கேட்டால் பயந்த மனசு எதை வைத்து நிரப்பும்?

அஸ்மத்துன்னிசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் அழுகிற சத்தம் மேடை வரைக்கும் போயிருக்கும்.

"செரி, சொல்லாதேன்னுதான் சொன்னாருன்னு வச்சுக்குவோம். இன்னாத்த சொல்லாத?" என்று கேட்டான் வேலு.

சந்திரிகா நீல ஃபைலை மடியில் விரித்தாள். அரங்கு சரியாக இருக்கிறது. அப்புறம் ஃபிரெட்ரிக்கின் தாளில் மட்டும் சாலை எப்படிக் காலை ஆயிற்று? தாள்களைத் தேதி வாரியாக அடுக்கினாள். ஜூன் மாதத்தில் ஃபிரெட்ரிக் பதினாறாவது வரிசையில் உட்கார்ந்து எழுதியிருந்தார், நான்கு பிழை. ஆகஸ்டில் பதினொன்றாவது வரிசை, ஆறு பிழை. அக்டோபரில் ஆறாவது வரிசை. டிசம்பரில் மூன்று. கடைசித் தாள் அவர் இறப்பதற்கு ஐந்து நாள் முன்பு எழுதியது. முதல் வரிசை, ஒன்பது பிழை. எல்லாவற்றிலும் படித்தவர் கனகராஜ்.

அதே தேதிகளில் இன்னொரு தாளும் ஒவ்வொரு முறையும் இருந்தது. படித்தவர் ஃபிரெட்ரிக், பதினாறாவது வரிசையில் உட்கார்ந்து எழுதியவர் கனகராஜ். அதில் ஒரு பிழை கூட இல்லை.

"ஹால் எப்பவோ பாஸாயிடுச்சு வேலு" என்றாள் சந்திரிகா. "அவரு ஹாலைப் பரீட்சை பண்ணல. தன் காதைப் பண்ணியிருக்காரு. வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா முன்னால வந்து உக்காந்து, இங்கேயாவது கேக்குதான்னு பார்த்திருக்காரு."

வேலு மேடையிலிருந்து முதல் வரிசை வரைக்கும் கண்ணால் அளந்தான்.

மறுநாள் காவல் நீட்டிப்புக்காகக் கனகராஜைச் சைதாப்பேட்டை நீதிமன்றத்துக்குக் கொண்டு வந்தார்கள். சந்திரிகாவை அங்கே எல்லோருக்கும் தெரியும். வக்கீலோடு சேர்ந்து, வராந்தாவில் பத்து நிமிடம் பேச அனுமதி கிடைத்தது. லிண்டாவுக்கு முந்தைய நாளே போன் செய்து, உங்கள் அப்பா எட்டு மாதம் ஏன் பேசவில்லை என்று தெரிய வேண்டுமானால் வாருங்கள் என்று சொல்லியிருந்தாள். லிண்டா வந்திருந்தாள். கிட்டே வராமல் தூணுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த கனகராஜின் மடியில் சந்திரிகா இரண்டு தாள்களை வைத்தாள். அவர் பார்த்தார். அவற்றைக் கவிழ்த்து வைத்தார்.

"நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். சொல்லாதேன்னு அவர் உங்ககிட்ட கேட்டிருக்காரு. நான் சொல்றேன், தப்பா இருந்தா மட்டும் தலையை ஆட்டுங்க" என்றாள்.

சொன்னாள். ஃபிரெட்ரிக்குக்குக் காது போய்க்கொண்டிருந்தது, அது கனகராஜுக்கு மட்டும் தெரியும். கடைசி ஒரு வருடம் அவருக்குக் காதாக இருந்தவர் கனகராஜ். அன்று காலை நடைபாலத்தில் வைத்து, இந்த நிலையில் நீங்கள் மேலே ஏறக் கூடாது, இன்றைக்கு லிண்டாவிடம் சொல்லிவிடுவேன் என்று கனகராஜ் சண்டை போட்டிருக்கிறார். சொல்லாதே என்று அவர் கெஞ்சியிருக்கிறார். பிறகு பலகையின் சாய்வைக் கீழே இருந்து பார்க்கக் கனகராஜ் மேடைக்கு இறங்கியிருக்கிறார்.

கனகராஜ் தலையை ஆட்டவில்லை.

"மேல ஒரு நடைப்பலகைக்கு வேலைக்காக போல்ட் கழட்டியிருந்ததுன்னு போலீஸ் குறிப்புலயே இருக்கு. அவர் அதை நோக்கி நடந்தாரு. நீங்க கீழே இருந்து கத்தினீங்க."

பன்னிரண்டு நாள் மூடியிருந்த கனகராஜின் வாய் திறந்தது.

"நான் கத்தியிருக்கக் கூடாதும்மா. ஏறி ஓடியிருக்கணும். அவருக்குக் காது கேக்காதுன்னு ஒலகத்துல எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். தெரிஞ்சும் கத்துனேன். அந்த ஹால்ல கிசுகிசுன்னு பேசுனாக்கூட கடைசி வரைக்கும் கேக்கும். அவருக்குக் கேக்கல. நடந்து போய்க்கிட்டே இருந்தாரு."

தூணுக்குப் பின்னாலிருந்து லிண்டா வந்தாள். தடுக்கப் போன கான்ஸ்டபிள், சந்திரிகா கையைக் காட்டியதும் நின்றுவிட்டார். தனக்கு ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்டது அப்பாவையா கனகராஜையா என்று தெரியவில்லை.

கனகராஜ் எழுந்து நின்று பதில் சொன்னார். தேனாம்பேட்டையில் ஒரு டாக்டரிடம் ஃபிரெட்ரிக்கைக் காட்டி, காதில் வைக்கும் மெஷின் கூட வாங்கினார்கள். அதைப் போட்டுக்கொண்டால் எல்லாம் தகரத்தில் தட்டுகிற மாதிரி இருக்கிறது, இதை வைத்துக்கொண்டு நான் ஒரு அரங்கை எப்படிச் சரி என்று சொல்வேன் என்று அழுதாராம். மெஷினும் டாக்டர் சீட்டும் கனகராஜின் உளிப் பெட்டியில் ஒரு துணியில் சுற்றியபடி இருக்கின்றன. என் காதை நம்பித்தான் கூப்பிடுகிறார்கள், இது கடைசி அரங்கு, திறந்த அன்றைக்கு என் மகளிடம் நானே சொல்கிறேன், அதுவரை பொறு என்று வாக்கு வாங்கியிருந்தார்.

"உங்க மேல கோவமே கெடயாதும்மா" என்றார் கனகராஜ். "பிள்ள பேசறதுல பாதிதான் வெளங்குது, பாதிய வச்சுக்கிட்டு நான் என்னத்த பதில் சொல்லன்னுவாரு. நீங்க போன் பண்ணா கையில எடுத்து வச்சுக்கிட்டு உங்க பேரையே பார்த்துக்கிட்டு இருப்பாரு. அது நிக்கிற வரைக்கும்."

லிண்டா அந்தப் பெஞ்சிலேயே, அவர் எழுந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே கனகராஜின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அன்றைக்கு அவருக்கு விடுதலை கிடைக்கவில்லை. டாக்டர் சீட்டு, அஸ்மத்துன்னிசாவின் இரண்டாவது வாக்குமூலம், நீல ஃபைல், லிண்டா எழுதிக் கொடுத்த மனு எல்லாம் சேர்ந்து ஜாமீன் கிடைக்க இன்னும் பதினேழு நாள் ஆயிற்று. கொலை வழக்கு விபத்து என்று மாறியது அதற்கும் இரண்டு மாதம் கழித்து. அரங்கைத் திறந்தார்கள். லிண்டாவுக்கு முதல் வரிசையில் இடம் வைத்திருந்தார்கள், அவள் போகவில்லை.

ஜாமீனில் வெளியே வந்த அன்று சீதா சிறை வாசலில் நின்றிருந்தாள். கணவரின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துவிட்டாள். வேலுவின் ஆட்டோவில் லிண்டாவும் வந்திருந்தாள். கனகராஜ் அவளைப் பார்த்ததும் கேட்டது ஒன்றுதான். அடக்கத்துக்கு வர முடியவில்லையே, எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

வேலு ஆட்டோவைச் சாந்தோமுக்குத் திருப்பினான்.

கல்லறைத் தோட்டத்தில் வெயில் தாழ்ந்திருந்தது. மண்மேடு இன்னும் கல் பதிக்காமல் இருந்தது. கனகராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் தலைமாட்டில் நின்றார். கும்பிடவில்லை, அழவில்லை. வேலை முடிந்த சாயங்காலங்களில் கணக்கு ஒப்பிக்கிற மாதிரி, சாதாரணக் குரலில் பேச ஆரம்பித்தார். ஏழாம் பலகைக்கு இன்னும் ஒரு விரல் சாய்வு வேண்டும் என்று நீங்கள் சொன்னது சரிதான், அதை நான் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்பது வரைக்கும் லிண்டாவுக்குக் கேட்டது.

அவள் சீதாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கல்லறைகளுக்கு நடுவே மெல்லப் பின்னால் நடந்தாள். அவர் பேசுவது காதில் விழாத தூரம் வந்ததும் நின்றாள். அவர் பேசி முடிக்க வெகு நேரமாயிற்று. அதுவரை யாரும் அவரைக் கூப்பிடவில்லை.